முற்றத்தின் வரவு செலவுக் கணக்கு

புது வீடு கட்டுவோர் சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, செங்கல் எத்தனை ஆயிரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது வழக்கம். கட்டடம் எழுந்து வண்ணமும் பூசியாகிவிட்டது. இனிச் சுற்றுச்சுவருக்குள் எஞ்சியிருக்கும் வெற்றிடம்தான் பாக்கி. இந்த இடத்துக்கு வந்ததும் நோட்டுப் புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது. கணக்குக்குப் பதிலாக ஒரு படம் வந்து நிற்கிறது.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனை விற்போரின் விளம்பரத்தில் அது இருக்கும். வீட்டு அலங்காரம் பற்றிய வண்ண இதழ்களிலும் இருக்கும். முன்புறம் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட புல்தரை, வாயிலின் இரு பக்கமும் அலங்காரப் பனை, மற்ற இடமெல்லாம் வண்ணச் சிமெண்டுக் கற்கள், சுவரோரம் பூந்தொட்டிகள். இதற்குப் ‘பசுமை இல்லம்’ என்று பெயரும் இட்டிருப்பார்கள். இந்தப் படத்தைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அழகு அவரவர் விருப்பம், அதில் வழக்கில்லை. ஆனால் ஒரு மனையில் ஆண்டு முழுதும் வெயில் விழுகிறது, மழை பெய்கிறது. இவ்விரண்டையும் அந்தப் படம் என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க, சென்னையில் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 2,400 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இதில் பாதியை வீடு அடைத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், மீதி சுமார் 110 சதுர மீட்டர் திறந்த வெளி.

சூரியன் எந்தப் பக்கம்?

பட்ட வகுப்பு மாணவர்களிடம், “ஜூன் மாத நண்பகலில் சென்னையில் உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழும்?” என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலோர் “வடக்கே” என்பார்கள். சரியான விடை தெற்கு. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று அது உச்சியிலிருந்து 10 டிகிரி வடக்கே இருக்கும்.

படம் செய்யும் முதல் பிழை இங்கேதான் பிறக்கிறது. குளிர் நாடுகளின் தோட்டக்கலை நூல்கள் பலவற்றில், ‘வீட்டின் தெற்கே இலையுதிர் மரம் நடுக’ என்ற அறிவுரை காணப்படும். லண்டன் 51½ டிகிரி அட்சரேகையில் உள்ள நகரம். அங்கு டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் எழும். குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு அந்த இளவெயிலை வீட்டுக்குள் விடும் மரம் அங்கு ஒரு வரம். அதே நாளில் சென்னையில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கிறது. இங்கு வெயிலை வீட்டுக்குள் அழைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் தெற்கே நிற்கும் மரத்தின் நண்பகல் நிழலோ, வீட்டின் மேல் விழாமல் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

நம் வீடுகளை வாட்டுவது மேல் தளமும் மேற்குச் சுவரும். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே ஏறத்தாழ 32 டிகிரி உயரத்தில் இருக்கும். ஜன்னலுக்கு மேல் 2 அடி நீட்டிய சன்ஷேடு அப்போது எவ்வளவு நிழல் தரும்? கோணக் கணக்குப் போட்டால் சுமார் 1¼ அடிதான். 4 அடி ஜன்னலில் மீதமுள்ள 2¾ அடியும் வெயிலில் காயும். இப்போது சுவரிலிருந்து 10 அடி தள்ளி, 20 அடி உயரமுள்ள அடர்ந்த மரம் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 4 மணிக்கு அதன் உச்சியின் நிழல் சுவரில் 13 அடி உயரம் வரை எட்டும். ஒரு தளச் சுவர் முழுவதும் அதில் அடங்கிவிடும். மேற்கே நட்ட ஒரு நடுத்தர மரம் செய்யும் வேலையை வாயிலில் நிற்கும் நான்கு அலங்காரப் பனைகள் செய்யமாட்டா.

மேற்கே 10 அடி இடமில்லாதவர்கள் என்ன செய்வது? சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிப் பந்தல் கட்டிப் பாகலையோ சங்குப்பூவையோ ஏற்றலாம். சுவருக்கும் கொடிக்கும் இடையே காற்று நடமாட இடைவெளி இருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

சிமெண்டுத் தரை என்னும் வெப்பக் கிடங்கு

அடுத்து வண்ணக் கற்களுக்கு வருவோம். கற்களும் அவற்றின் அடியிலுள்ள காரைப் படுகையும் சேர்ந்து 10 செ.மீ. கனம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் தரையின் எடை ஏறத்தாழ 240 கிலோ. கான்கிரீட்டின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 0.9 கிலோஜூல் அளவில் இருக்கும். காலையிலிருந்து பிற்பகலுக்குள் இத்தரையின் வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால், அது சேமித்துக்கொள்ளும் வெப்பம் சதுர மீட்டருக்கு 4,300 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் 1.2 யூனிட். 60 சதுர மீட்டர் தரை என்றால் 72 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டரை மூன்று பகல் மூன்று இரவு எரியவிட்டால் கிடைக்கும் வெப்பம் இது.

இது முழுவதும் வீட்டுக்குள் வருவதில்லை. ஒரு பகுதி வானுக்குப் போகிறது. ஒரு பகுதி காற்றோடு கலக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு நாம் ஜன்னலைத் திறக்கும் நேரத்தில், சுவரை ஒட்டியிருக்கும் இந்தக் கிடங்கும் தன் சரக்கை வெளியே விடத் தொடங்குகிறது. மே மாதத்தில் இரவு 9 மணிக்குச் சிமெண்டு முற்றத்தில் வெறுங்காலுடன் நின்று பாருங்கள். பிறகு மரத்தடி மண்ணில் நின்று பாருங்கள். வெப்பமானி தேவையில்லை. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் இந்த வேறுபாடு தூக்கத்தைப் பற்றியது; உடல்நலத்தைப் பற்றியதும்கூட.

செயற்கைப் புல் விரிப்பதும் இப்போது பரவிவருகிறது. அது நிறத்தில் மட்டுமே புல். நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டிச் சுடும்.

புல்தரையின் தாகம்

உயிருள்ள புல்லாவது நல்லதா என்று வாசகர்கள் கேட்கலாம். புல் தரையைக் குளிர்விப்பது உண்மை. அதற்கு அது கேட்கும் விலை என்ன என்று பார்ப்போம். கோடையில் நம் ஊர்ப் புல்தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. நீரை ஆவியாக்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்றால் ஒரு லிட்டர். ஆகவே 50 சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கு வகுக்கப்பட்ட அளவு. அப்படியானால் இப்புல்தரை வீட்டில் கூடுதலாக இரண்டு பேர் இருப்பதற்குச் சமம். மழையில்லாத 100 நாட்களுக்கு 25,000 லிட்டர்; 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு வந்தாலும் போதாது.

மரமும் நீர் குடிக்கிறதே என்றால், ஆம், குடிக்கிறது. ஆனால் வேரூன்றிய மரம் ஆழத்து ஈரத்தை எடுக்கிறது. புல் மேல்மண்ணில் நாம் நாள்தோறும் ஊற்றுவதை நம்பியிருக்கிறது. அதோடு மரம் சுவருக்கு நிழலும் தருகிறது. முதல் இரண்டு கோடைகள் மட்டும் மரக்கன்றுக்கு நீர் ஊற்றியாக வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிகையையும் சுட்டிக்காட்ட வேண்டும். ‘ஒரு மரம் பத்து ஏ.சி.க்குச் சமம்’ என்ற வாசகத்தைச் சுவர்களில் எழுதி வைத்திருப்பதைக் காண்கிறோம். ஒரு மரம் நாளொன்றுக்கு 50 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அதன் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 34 யூனிட். ஒரு டன் ஏ.சி. எந்திரம் மணிக்கு 3½ யூனிட் வெப்பத்தை அகற்றும். எனவே அந்த மரம் ஒரு ஏ.சி. 10 மணி நேரம் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த வேலை மூடிய அறையில் நடைபெறாமல் திறந்த வெளியில் நடைபெறுகிறது; குளிர்ந்த காற்று அங்கேயே நிற்பதில்லை. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஆவியாதலின் பயனும் குறையும். மரத்தின் உறுதியான பயன் நிழல். அதைச் சரியான பக்கத்தில் விழச் செய்தால் போதும். மிகை வாசகம் வேண்டியதில்லை.

எட்டு மனைகளும் ஒரு ரயிலும்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. சென்னை மிதந்தது. அடுத்த நான்காம் ஆண்டில், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர்.

இப்போது நம் ஒரு கிரவுண்டு மனைக்குத் திரும்புவோம். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. 223 சதுர மீட்டரில் இது 3,12,000 லிட்டர். அதாவது எட்டு மனைகளில் ஓராண்டில் விழும் மழை, ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒரு முழு ரயிலின் தண்ணீருக்குச் சமம். இதில் ஒரு பகுதி ஆவியாகும். பெருமழையில் ஒரு பகுதி வழிந்தோடும். எல்லாவற்றையும் பிடித்துவைக்க முடியாது. ஆனாலும் நம் படம் இதில் எவ்வளவு பிடிக்கிறது?

சிமெண்டுத் தரையில் விழும் 100 லிட்டரில் 80 முதல் 95 லிட்டர் வரை ஓடிவிடும். மணற்பாங்கான தோட்ட மண்ணில் ஓடுவது 10 முதல் 20 லிட்டர்தான். ‘கற்களுக்கு இடையே தண்ணீர் இறங்குமே’ என்று விற்பவர் சொல்வார். அடியில் மணற்படுகை மட்டும் இருந்து இடுக்குகளும் மணலால் நிரப்பப்பட்டால் ஓரளவு இறங்கும். அடியில் காரை போட்டு, இடுக்கில் சிமெண்டுப் பால் ஊற்றியபின் இறங்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, தரை முழுவதையும் வாயிலை நோக்கிச் சரிவாகப் போடுகிறார்கள். 10 செ.மீ. மழை பெய்தால் கூரையும் முற்றமும் சேர்ந்து 20,000 லிட்டருக்குக் குறையாமல் தெருவுக்குத் தள்ளும். தெருக்கோடியில் தாழ்ந்த மனையில் இருப்பவர் வீட்டுக்குள் அது நுழைகிறது. நம் முற்றத்தின் பிழைக்கு அபராதம் கட்டுபவர் பெரும்பாலும் நாமல்ல என்பதுதான் இதில் வருந்தத்தக்க செய்தி. 2015-இல் பெய்தது போன்ற மழையை எந்த வீட்டு முற்றமும் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் 5 செ.மீ., 10 செ.மீ. மழைகளில் முற்றத்துக்குப் பங்கு உண்டு.

‘எங்கள் வீட்டில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது’ என்பது அடுத்த விடை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது பாராட்டத்தக்க முன்னோடிச் செயல். அதன் பின் பல வீடுகளில் நடந்தது சடங்கு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குழியின் கொள்ளளவு 1,500 லிட்டர். அதில் ஜல்லியை நிரப்பினால் தண்ணீருக்கு எஞ்சும் இடம் சுமார் 600 லிட்டர். நம் கூரையில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் இறங்குவது 5,600 லிட்டர். மிச்சம் எங்கே போகும்? தெருவுக்குத்தான்.

இதில் மண்ணின் குணமும் சேர்கிறது. நீரில் ஊறிய மணல் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் நீரை உறிஞ்சும். களிமண்ணோ 1 முதல் 5 மி.மீ. வரைதான். திருவான்மியூர்க் கடலோர மணலில் வேலை செய்யும் குழியை அப்படியே களிமண் மனையில் வெட்டினால், அது கொசுத் தொட்டியாகத்தான் ஆகும். களிமண் உள்ள இடத்தில் கூரைத் தண்ணீரை வடிகட்டி நிலத்தடித் தொட்டிக்கோ பழைய கிணற்றுக்கோ அனுப்புவதே முறை. எந்த அமைப்பாயினும், ஐப்பசி மழைக்கு முன் வண்டலை அள்ளிச் சுத்தம் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் அடைத்துப்போகும்.

செலவே இல்லாத ஒரு திருத்தமும் உண்டு. பூச்செடிப் பாத்திகளைச் செங்கல் வரம்பு கட்டி உயர்த்துவதுதான் இப்போதைய நாகரிகம். நடைபாதைத் தண்ணீர் பாத்திக்குள் போகாமல் அந்த வரம்பு தடுக்கிறது. மாறாக, பாத்தியை நடைபாதையைவிட 5 செ.மீ. தாழ்த்திவிடுங்கள். 30 சதுர மீட்டர் பாத்தி அப்போது 1,500 லிட்டரை ஏந்தும். மேற்சொன்ன ஜல்லிக் குழியைப்போல் இரண்டரை மடங்கு. அடித்தளத்தை ஒட்டி மட்டும் நீர் நிற்க விடாதீர்கள். கரிசல் மண்ணில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

மரம் நட்டால் மட்டும் போதுமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்று மரத்தின் மேல் செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதைத் தாங்க வேண்டியது வேர். அடிமரம் வரை சிமெண்டு பூசிவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் சரிவரக் கிடைப்பதில்லை. பரவி ஊன்றவும் இடமில்லை. மேலே குடைபோல் விரிந்த கிளைகள், கீழே தொட்டியில் நட்டதுபோன்ற வேர்! அத்தகைய மரத்தைச் சாய்க்கப் பெரும்புயல்கூட வேண்டியதில்லை.

பூவின் அழகை மட்டும் பார்த்து மரம் தேர்வதும் பிழை. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மயிற்கொன்றையும் நம் சரக்கொன்றையும் கண்ணுக்கு விருந்து. ஆனால் இவை கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்ப்பவை. நிழல் வேண்டிய நேரத்தில் கிளை வெறுமையாக இருக்கும். மேற்குச் சுவருக்கு என்றும் இலை தாங்கும் மகிழமோ, வெயில் முற்றுவதற்குள் புதுத் தளிர் விட்டுவிடும் புங்கமோ பொருத்தம். வேம்பும் நல்லதே, ஆனால் 10 அடிச் சந்தில் அதைத் திணிக்கலாகாது. எந்த மரமானாலும் அடியில் குறைந்தது ஒரு மீட்டர் சதுரத்துக்கு மண் தெரியட்டும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிப்பதை விடுத்து, அடிமரத்தைத் தொடாமல் அவ்வட்டத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பினால், அதுவே ஈரம் காக்கும் மூடாக்கு.

எதிர்த்தரப்பின் நியாயம்

மக்கள் காரணமில்லாமல் சிமெண்டு பூசவில்லை. மண் தரையென்றால் மழையில் சேறு. புதரென்றால் பாம்பு பற்றிய அச்சம். சருகு பெருக்க ஆளில்லை. முதியவர் வழுக்கி விழக்கூடாது. கார் நிற்க வேண்டும். இவை அனைத்தும் நியாயமானவையே. ஆனால் இவை எதற்கும் முற்றம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. கார் நிற்க 10 அடிக்கு 20 அடி, ஆக 200 சதுர அடி தளம் போடுகிறோம். சக்கரம் படும் இரு பட்டைகள் மட்டும், தலா 2 அடி அகலம் போட்டால் 80 சதுர அடி போதும். அடித்தளத்தைக் காக்க வீட்டைச் சுற்றி 2 அடி காரை விளிம்பு. வாயிலிலிருந்து படி வரை சொரசொரப்பான நடைபாதை. கொல்லையில் துவைக்கும் இடம். இவற்றுக்குமேல் மூடும் ஒவ்வொரு சதுர அடிக்கும் காரணம் கேட்க வேண்டும். துவைக்கும் இடத்திலிருந்து அலசிய தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுவது நம் கொல்லைகளில் பழகிப்போன வழிதான். சோப்பு மிகுந்த முதல் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடலாம்.

ஆகவே, படத்தைப் பார்த்து முன்பணம் கொடுப்பதற்கு முன், மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, மே மாதத்தில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு வீட்டைச் சுற்றி வந்து, வெயில் படும் சுவர்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றி, அது முழுவதும் இறங்கியபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் குறைகிறது என்று அளந்து பாருங்கள். மூன்றாவது, நல்ல மழையில் குடை பிடித்து நின்று, தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். அத்தாளைக் கொத்தனாரிடம் காட்டிய பிறகு, கல் எத்தனை வாங்குவது என்று பேசத் தொடங்கலாம்.